பள்ளிக்கூட நிலத்துக்கு ஜிரான் யார்?

போன மாதம் ஷாலினி போன் செய்தாள். நான் வேலை பார்த்த நகராண்மைக் கழகத்தின் திட்டப் பிரிவில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். நல்ல பிள்ளை. ஓய்வு பெற்றுப் போனவனைக் கூப்பிட்டுச் சந்தேகம் கேட்கும் பழக்கம் இந்தக் காலத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது? அவளுக்கு இருக்கிறது. அதனால் அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அவள் கேட்ட கேள்வியின் மேல்தான் கோபம்.

“அங்கிள், பாலத்தடி தோட்டத்துப் பழைய பள்ளிக்கூட நெலம் இருக்குல்ல, அதுல வீடு கட்டறதுக்கு மறுபடியும் ஃபைல் வந்திருக்கு. இந்தத் தடவ பந்தாஹான் ஒண்ணுமே இல்ல, சீக்கிரம் முடிஞ்சிரும் லா. ஆனா பழைய ஃபைல்ல, தோட்டத்து ஆளுங்க வீடே வேணாம்னு கடுமையா எதிர்த்தாங்கன்னு இருக்கே. ஏன் அங்கிள் வேணாம்னாங்க? வீடு நல்லதுதானே?”

பந்தாஹான் என்றால் மலாயில் ஆட்சேபம்.

“வேணாம்னு யாரும் சொல்லலம்மா” என்றேன்.

“அப்படித்தானே அங்கிள் இருக்கு.”

அப்படித்தான் இருக்கும். போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் அங்கும் இங்கும் நடந்தேன். “யாரோட சண்டை?” என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்டாள். செத்துப்போன ஒரு விசாரணையோடு என்று சொல்லியிருந்தால் எனக்குப் பைத்தியம் என்று நினைத்திருப்பாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். கெடா மாநிலத்தில் எந்த நகராண்மைக் கழகம் என்று சொல்லமாட்டேன். பாலத்தடி என்பதும் நம் ஜனங்கள் வைத்த பெயர்தான். செமிலிங் பக்கம் போய்த் தேடினால் வரைபடத்தில் கிடைக்காது.

நான் அலோர் ஸ்டாரில் பிறந்து வளர்ந்தவன். அப்பா ஆஸ்பத்திரியில் அட்டெண்டன்ட். ஐந்தாம் படிவம் முடித்து, தொழிற்கல்லூரியில் வரைபடம் படித்து, கழகத்தில் பிளானுக்கு வண்ணம் தீட்டும் ஆளாகச் சேர்ந்தேன். வீட்டுக்கு ஒரு நிறம், கடைக்கு ஒரு நிறம், பள்ளிக்கு ஒரு நிறம். காகிதத்தில் நிறம் மாறினால் சில வருடங்களில் மண்ணிலும் மாறிவிடும். ஆரம்ப வருடங்களில் நான் கற்றுக்கொண்டது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என்சிக் ரம்லியிடம் கற்றது.

என்சிக் என்றால் மலாயில் திரு என்பது மாதிரி. ரம்லி எங்கள் பிரிவின் தலைவர். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்லை. ஆட்சேப விசாரணைக்கு யார் வந்தாலும், ரப்பர் செருப்போடு வந்தாலும் டையோடு வந்தாலும், எழுந்துபோய்க் கதவைத் திறந்து விடுவார். தேநீர் வரவழைத்துத் தன் கையாலேயே அவர்கள் பக்கம் நகர்த்தி வைப்பார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். கடைசியாகப் பேனாவின் மூடியைக் கழற்றுவார். மூடி திறந்திருந்தால் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று பொருள். மூடிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு சொர்க்கமே இறங்கி வந்து பேசினாலும் அவர் காதில் ஏறாது, ஆனால் சிரித்தபடியே வாசல் வரை வந்து வழியனுப்புவார்.

விசாரணை என்றதும் கோர்ட்டு கச்சேரி என்று நினைக்க வேண்டாம். ஒரு நிலத்தின் பயன்பாட்டை மாற்ற விண்ணப்பம் வந்தால், அந்த நிலத்தில் அறிவிப்புப் பலகை நட வேண்டும். ஒட்டியிருக்கும் நிலத்துச் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போக வேண்டும். அவர்களைத்தான் ஜிரான் என்போம், மலாயில் அக்கம்பக்கத்தார் என்று பொருள். அவர்களில் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தவர்களை அழைத்து, வடிகால், போக்குவரத்து, வெள்ளம், சத்தம் என்று காரணங்களைக் கேட்டு எழுதிக்கொள்வோம். மலாய் சரியாக வராத தமிழர் வந்தால் மொழிபெயர்க்க என்னைக் கூப்பிடுவார்கள். சம்பளத்தில் அதற்குத் தனியாக ஒன்றும் கிடையாது. “அருள், வா” என்பார் ரம்லி. போய் உட்காருவேன்.

அவரைக் கல்நெஞ்சக்காரர் என்று சொன்னால் பொய் சொன்னவனாவேன். ஒரு முறை, பக்கத்து மனையில் மூன்று மாடிக் கடை வந்தால் தன் முற்றத்தில் வெயிலே விழாது என்று ஒரு சீனக் கிழவி ஆட்சேபம் எழுதியிருந்தார். அந்த முற்றத்தில் மீன் காயவைத்து விற்றுத்தான் அவர் பிழைப்பு. ரம்லி உச்சி வெயிலில் என்னையும் இழுத்துக்கொண்டு போய், அந்த முற்றத்தில் மீன்களுக்கு நடுவே நின்று நிழல் எங்கே விழும் என்று பார்த்தார். கடைக்காரன் பிளானை மாற்றிக் கட்டினான். அந்தக் கிழவியின் பெயரில் நிலம் இருந்தது. அவர் ஜிரான். அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. நல்ல மனிதரிடம் வேலை செய்கிறோம் என்று பெருமையாகத்தான் இருந்தது.

இனி பாலத்தடி.

ரப்பரை அழித்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட பிறகு அங்கே வேலையாட்கள் குறைந்துவிட்டார்கள். பிள்ளைகள் குறைந்ததால் தமிழ்ப்பள்ளி டவுனுக்குப் போய்விட்டது. நல்ல கட்டடம், நல்ல விஷயம். பழைய இடத்தில் நீளமான ஒரு பலகைக் கட்டடமும் சிமெண்டு போட்ட பூப்பந்துத் திடலும் மிஞ்சின. அந்தத் திடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலையாட்களின் லயத்து வீடுகள், வரிசையாக ஒட்டிக் கட்டியவை. அங்கே இன்னும் குடும்பங்கள் இருந்தன. கல்யாணத்துக்குக் கூடாரம் போடுவதும் அந்தத் திடலில்தான், எழவுக்கு நாற்காலி போடுவதும் அந்தத் திடலில்தான். நிலம் முழுக்கத் தோட்டக் கம்பெனியின் பெயரில் இருந்தது. கம்பெனி பள்ளி நிலத்தை ஒரு வீடமைப்பாளருக்குக் கொடுக்க முடிவெடுத்தது. மாடி வீடுகள், பின்பக்கம் மலிவு விலை வீடுகள் ஒரு வரிசை. விண்ணப்பம் எங்களிடம் வந்தது.

பலகை ஒழுங்காக நட்டிருக்கிறதா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். ஒரு விடுமுறை நாளில், மாதா கோயில் பூசை முடித்துவிட்டு அப்படியே போனேன். போன இடத்தில் பழைய வகுப்பறைக்குள் ஒரே கூட்டம். முன்னாள் மாணவர் சங்கத்தார் அலோர் ஸ்டாரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் காடிகளில் வந்து இறங்கியிருந்தார்கள். தலைவர் குணசேகரன் பேசிக்கொண்டிருந்தார். இரும்புச் சாமான் கடை வைத்து நன்றாக வந்தவர். பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கிச் செம்பனை போட்டிருந்தார்.

“இது நம்ம அறிவுக் கோயில். இந்த மண்ணுல ஒரு செங்கல்கூட வைக்க விடமாட்டோம். இங்க நினைவு மண்டபம் வரணும். நம்ம இனத்தோட அடையாளம் இது!”

கைதட்டல் பலமாக இருந்தது. டவுனிலிருந்து வந்தவர்கள்தான் தட்டினார்கள். லயத்து ஜனங்கள் பின்னால் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஆரோக்கியம் அக்கா முன்னால் வந்தார். அந்தப் பள்ளி மூடும்வரை அங்கே கூட்டிப் பெருக்கி, மணி அடித்து, பிள்ளைகளுக்குப் பால் கலக்கிக் கொடுத்தவர். எங்கள் கோயிலுக்கு வருவார் என்பதால் எனக்கும் பழக்கம்.

“சார், பள்ளிக்கூடம் போயிருச்சு, புள்ளைங்களும் போயிருச்சுங்க. கட்டட்டுமே. வீடுங்கள்ல ரெண்டு வரிச எங்களுக்குன்னு எழுதி வாங்கிக் குடுங்க. லயத்துல மழ பேஞ்சா கட்டில எங்க நவுத்தறதுன்னு தெரியல.”

“அக்கா, வீடு எங்க வேணாலும் கட்டலாம். அடையாளம் போனா வராது.”

“அடையாளத்துல எங்க சார் பாய விரிக்கறது?”

சிலர் சிரித்தார்கள். குணசேகரன் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப்பள்ளி நிலம் கைவிட்டுப் போனால் வயிறு எரியத்தான் செய்யும், எனக்கும் எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலோடு குளிர்சாதனக் காரில் ஏறி வீட்டுக்குப் போய்விடலாம். ஆரோக்கியம் அக்காவின் வீடு அங்கேயே இருந்தது. சமையலறைச் சன்னலைத் திறந்தால் பள்ளிக்கூடச் சுவர்.

விசாரணை நடக்கும், அதில் பேசினால்தான் கணக்கு என்பது லயத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. எப்படி உள்ளே போவது என்று குணசேகரனிடமே கேட்டிருக்கிறார்கள். அவர் ஒரு கடிதத்தோடு லயத்துக்கு வந்தார். மேலே மலாயில் பெரிய எழுத்தில், கடும் ஆட்சேபம். “பந்தாஹான் குடுத்தாத்தான் ஆபீசுக்குள்ள விடுவான். இதுல கையெழுத்துப் போடுங்க. உள்ள போய் ஒங்க மனசுல உள்ளத நீங்களே பேசிக்கலாம்” என்றார். ஜனங்கள் அதை நுழைவுச்சீட்டு என்று நினைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் பதிவுச் சீட்டு வாங்குகிறோமே, அந்த மாதிரி. வீடு வேண்டும் என்று கேட்பதற்காக, வீடு வேண்டாம் என்ற காகிதத்தில் லயமே வரிசையாகக் கையெழுத்தும் பெருவிரலும் வைத்தது. இந்தத் தப்பை வேறு யார் செய்வார்கள்? காலம் முழுக்க, கேட்டால் கிடைக்காது, கையெழுத்துப் போட்டால் கிடைக்கும் என்று சொல்லியே வளர்க்கப்பட்ட ஜனங்கள்தான் செய்வார்கள்.

விசாரணை நாளன்று ஆரோக்கியம் அக்கா வெளுத்த சேலை கட்டி, தலையை எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வந்தார். கூட இன்னும் நாலைந்து பேர். ரம்லி எழுந்து கதவைத் திறந்துவிட்டார். தேநீர் வந்தது. கடிகாரம் மேசைக்கு வந்தது. பேனா மூடி கழன்றது.

முதலில் குணசேகரன். மலாயில் அழகாகப் பேசினார். போக்குவரத்து தாங்காது, வடிகால் போதாது, வட்டாரவாசிகள் எல்லாரும் எதிர்க்கிறார்கள், இதோ கையெழுத்துகள். ரம்லி ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். அவர் முடித்ததும் ஆரோக்கியம் அக்கா எழுந்தார்.

“இந்த மாக்சிக் யார், ஜிரானா?” என்று ரம்லி என்னைக் கேட்டார். மாக்சிக் என்பது வயதில் மூத்த பெண்ணை மரியாதையாகச் சொல்வது. நான் திரும்பித் தமிழில் சொல்ல வாயெடுக்குமுன் அக்காவே, “ஜிரான், ஜிரான்!” என்று தலையை ஆட்டினார். அந்தச் சொல் அவருக்குத் தெரியாதா? காலம் முழுக்க அக்கம்பக்கத்து மலாய்க் கிராமத்தாரிடம் பெருநாள் பலகாரம் வாங்கி, தீபாவளிக்கும் கிறிஸ்மஸுக்கும் முறுக்குக் கொடுத்து, அந்தச் சொல்லோடு வாழ்ந்தவர்.

ரம்லி தாளைப் பார்த்தார். ஒட்டிய நிலங்களின் உரிமையாளர்கள் இரண்டே பேர். ஒன்று தோட்டக் கம்பெனி. இன்னொன்று குணசேகரன். “மன்னிக்கணும். இவர் பெயரில் நிலம் இல்லை. சட்டப்படி இவர் ஜிரான் இல்லை” என்றார்.

அதை நான் தமிழில் சொல்ல வேண்டும். சொன்னேன். “அக்கா, நெலம் ஒங்க பேருல இல்லாததால நீங்க ஜிரான் இல்லங்கறாரு.”

“என்ன தம்பி சொல்ற? எங்க வீட்டு மீன் கொழம்பு கொதிச்சா மூணாம் வகுப்புப் புள்ளைங்களுக்குப் படிப்பு ஏறாது. ஜிரான் இல்லியா நானு?”

“கையெழுத்துப் போட்டிருக்காங்களே என்சிக். ஆட்சேபம் தெரிவிச்சவங்கதானே, பேச விடலாமே” என்று ரம்லியிடம் சொன்னேன்.

“கையெழுத்துப் போட்டதால் அவர்கள் கருத்து பதிவாகிவிட்டது. அவர்கள் சார்பில் என்சிக் குணசேகரன் பேசிவிட்டார்.”

போடாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். போட்டால் பேசி முடித்தாகிவிட்டது. இந்த அதிசயத்தை எந்த மொழியில் பெயர்ப்பது? அதற்குள் ஆரோக்கியம் அக்கா பொறுமை இழந்து, தான் சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டார். வீடு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, வீடு கட்டுங்கள், எங்களுக்கு இரண்டு வரிசை ஒதுக்குங்கள், லயம் ஒழுகுகிறது. நான் அதை ஒரு சொல் விடாமல் மலாயில் சொன்னேன். சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரம்லி பேனாவை மூடினார். குணசேகரன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அருள்” என்றார் ரம்லி, அதே மென்மையோடு. “நான் கேட்டதை மட்டும் மொழிபெயர். இதை நான் கேட்கவில்லை.”

எனக்கு அந்த மேசையைக் கவிழ்த்துவிடலாம் போல இருந்தது. “கேட்கத்தானே என்சிக் இந்த அறை? இந்த அம்மா ஜிரான் இல்லைன்னா, நமக்கு ஜிரான்னா என்னன்னே தெரியலைன்னு அர்த்தம்” என்றேன். கூட்டத்தில் மேலதிகாரியிடம் யாரும் அப்படிப் பேசுவதில்லை. ரம்லி சிரித்தார். அக்காவின் பக்கம் தேநீரை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். எழுந்து கதவைத் திறந்தார்.

அந்த மரியாதையைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கத்தியிருந்தால் அக்கா பதிலுக்குக் கத்தியிருப்பார். கும்பிட்டு வழியனுப்புகிறவரை என்ன செய்ய முடியும்? அக்கா படியிறங்கும்போது, “நல்ல மனுசன்தான் தம்பி, என்ன சொன்னேன்னு புரிஞ்சிருக்குமா?” என்று என்னைக் கேட்டார். புரிந்தது அக்கா, நன்றாகப் புரிந்தது என்று சொன்னேன். அடுத்த மாதம் என்னை விளம்பரப் பலகை உரிமப் பிரிவுக்கு மாற்றினார்கள். முடிதிருத்தும் கடைப் பலகை எவ்வளவு அகலம் என்று அளந்துகொண்டு சில வருடங்கள் கிடந்தேன்.

வட்டாரவாசிகளின் கடும் ஆட்சேபத்தைக் காட்டி விண்ணப்பம் தள்ளப்பட்டது. குணசேகரனுக்கு மாலை போட்டார்கள். நினைவு மண்டபத்துக்கு ஒரு கல்கூட விழவில்லை. கொஞ்ச காலம் கழித்துக் கம்பெனி, லயத்தைக் காலி செய்யச் சொல்லியது. போக இடம் இல்லை, இங்கேயே வீடு கொடுங்கள் என்று ஜனங்கள் கேட்டபோது மேனேஜர் அந்தக் கையெழுத்துகளைத்தான் நீட்டினாராம். “நீங்கதானே இங்க வீடு வேண்டாம்னு எழுதிக் குடுத்தீங்க.” ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு திசைக்குப் போனது. லயத்தை இடித்தார்கள். பலகைப் பள்ளிக்கூடம் கரையான் தின்று தானாகவே சாய்ந்தது.

இப்போது அங்கே புது வீடமைப்புத் திட்டம். மதில், காவல், வாசலில் தடுப்பு. இரண்டிரண்டாக ஒட்டிக் கட்டும் பெரிய வீடுகள், மலிவு வரிசை கிடையாது. ஆட்சேபம் ஏன் இல்லை தெரியுமா? சுற்றி இருக்கும் நிலம் அனைத்தையும் அதே வீடமைப்பாளர் வாங்கிவிட்டார். குணசேகரனும் தன் செம்பனைத் துண்டை அவருக்கே விற்றுவிட்டார். அறிவுக் கோயிலுக்கு இப்போது ஒரே ஜிரான், அதன் முதலாளிதான். தனக்கே கடிதம் போட்டு, தனக்கு ஆட்சேபம் இல்லை என்று தானே பதில் எழுதியிருப்பார். சட்டப்படி எல்லாம் சுத்தம்.

ஷாலினி போன் செய்த வாரக் கடைசியில் ஜித்ராவுக்குப் போனேன். ஆரோக்கியம் அக்கா மகளோடு ஒரு அடுக்குமாடியில் இருக்கிறார். லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலியால் அவர் கீழே இறங்குவது பூசைக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான். நான் மூச்சு வாங்கிக்கொண்டு நாலாவது மாடிக்கு ஏறிப்போய் விஷயத்தைச் சொன்னேன். வீடு வருகிறது என்றதும் முதலில், “பரவால்ல, யாருக்காச்சும் ஆகுது” என்றார். பிறகு, பழைய ஃபைலில் என்ன இருக்கிறது, ஷாலினி என்ன கேட்டாள் என்று சொன்னேன். அக்காவின் முகம் மாறியது.

“வேணாம்னு நாங்க சொன்னோமாமா?”

“அப்படித்தான் இருக்குக்கா.”

“வீடு போச்சு, சரி. நாங்களே வேணாம்னோம்னு எழுதி வைக்கறது என்ன நியாயம் தம்பி? என் பேரப்புள்ள நாளைக்கு அதப் படிச்சா என்ன நெனப்பான்? அந்தப் புள்ளைக்குப் போனப் போடு. நாங்க வீடு கேட்டோம்னு ஒரு வரி எழுதச் சொல்லு. வேற ஒண்ணும் வேணாம் எனக்கு.”

உடனே போட்டேன். ஸ்பீக்கரில் வைத்து அக்காவின் பக்கம் நீட்டினேன். ஷாலினி பொறுமையாகக் கேட்டாள். குரலில் இரக்கம் இருந்தது. அது நடிப்பில்லை.

“ஆன்ட்டி, ரொம்பக் கஷ்டமா இருக்கு. ஆனா நீங்க ஜிரான் இல்லியே. வெளி ஆளுங்க சொல்றத நான் ஃபைல்ல சேக்க முடியாது.” கொஞ்சம் யோசித்துவிட்டு, உதவி செய்கிற சந்தோஷத்தோடு சொன்னாள்: “ஒண்ணு செய்யலாம். நீங்க ஒரு பந்தாஹான் எழுதிக் குடுங்க. வீடு வேணாம்னு. அப்படி இருந்தா பாஸ்கிட்ட பேசி ஒங்களக் கூப்பிடப் பாக்கறேன். வந்து என்ன வேணாலும் பேசலாம்.”

அக்கா என்னையே பார்த்தார். பிறகு போனைப் பிடித்துத் தன் வாயருகே கொண்டுபோனார்.

“மறுபடியும் மொதல்லேருந்தாம்மா? வீடு வேணாம்னு எழுத எடம் வச்சிருக்கீங்க. வீடு வேணும்னு எழுத ஒங்க ஆபீஸ்ல எடமே இல்லியா?”

ஷாலினியின் பதில் மெல்ல வந்தது. “இல்ல ஆன்ட்டி. அதுக்கு எடம் இல்ல.”

“அதான் தெரியுமே” என்றார் அக்கா. “எடம் இல்லாமத்தான நாலாவது மாடியில உக்காந்திருக்கேன்.”

இந்த முறை நான் எதையும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. ஷாலினிக்குத் தமிழ் தெரியும்.